ஹாட் பிரஸ்ஸில் உருகிய முகம்

துபாய் தேராவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை பார்த்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதைவிட மோசமான ஒன்றும் எனக்குள் இருந்ததை அந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு வெள்ளைக்கார அம்மா நீளமான தாள் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் ஊர் தேவாலயத்துத் தரையில், பல நூறு வருடங்களுக்கு முன் செத்த ஒரு போர்வீரனின் கல்லறைமேல் பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்களாம். அதில் செதுக்கிய உருவத்தின்மேல் தாளை விரித்து, கறுப்பு மெழுகுக் கட்டியால் தேய்த்து எடுத்த படி அது. காசின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே வேலைதான். ஆள் உயரத்துக்கு வாளோடு நின்றான் வீரன். காலடியில் ஒரு நாய். கல்யாணமான புதிதில் அவரும் கணவரும் மண்டியிட்டுத் தேய்த்தது. கணவர் இப்போது இல்லை. பத்திரம், பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் கடையில் எந்தத் தாள் வந்தாலும் முதலில் ஹாட் பிரஸ்தான். சூட்டில் அழுத்திப் பலகையில் ஒட்டினால் சுருக்கம் போய்விடும். தலைப்பக்கத்தை உள்ளே தள்ளினேன்.

"மாப்ள, இது மெழுகுடா. சூடு தாங்காது" என்றான் கூட வேலை பார்த்தவன். என் ஊர்க்காரன், அஜ்மானில் ஒரே ரூம்.

"ஒன் வேலையப் பாருடா" என்று அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு மூடியை அழுத்தினேன்.

திறந்தபோது முகம் இல்லை. கழுத்துக்கு மேல் கருங்குழம்பு. நாய் மட்டும் நன்றாக இருந்தது.

மேனேஜர் வந்து பார்த்தார். "கிஸ்னே கியா?" யார் செய்தது என்று கத்தினார். மறுவாரம் ஊருக்குப் போக எனக்கு லீவு. பிறந்ததிலிருந்து நான் பார்க்காத மகளுக்கு இரண்டு வயது. என் விரல் அவன் பக்கம் நீண்டது.

கையில் கிடைத்த சட்டக் கட்டையால் மேனேஜர் அடித்தார். தோளில், முதுகில், பிறகு காதில். காதோரம் கிழிந்து ரத்தம் சட்டையில் இறங்கியது. கட்டை முறிந்தது, முறிந்த துண்டாலும் அடித்தார். அவன் தலையைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தான். நான் தாள் வெட்டும் கத்தியைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன்.

"கலாஸ்! விசா கேன்சல்!" எல்லாம் முடிந்தது என்று அவனைப் பார்த்துக் கத்தினார் மேனேஜர்.

சாயங்காலம் ரூமில், "ஏண்டா உண்மையச் சொல்லல?" என்று அவனிடமே கேட்டேன். எனக்கு எவ்வளவு திமிர். அவன் என் கழுத்தைப் பிடித்துக் கட்டில் கம்பியில் முகத்தை மோதினான். ஒருமுறை, இன்னொருமுறை. முன்பல் பாதி உடைந்து வாயெல்லாம் ரத்தம்.

"நீ சொல்லுவேன்னுதாண்டா அடி வாங்கிட்டு நின்னேன்."

நாலாம் நாள் அவனை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள்.

அதற்கடுத்த நாள் அந்த அம்மா வந்தார். போலீஸைக் கூப்பிடுவார் என்று பயந்தேன். அவர் உருகிய இடத்தை விரலால் தடவி, கொஞ்சம் அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தகடு அங்கேயேதான் இருக்கிறது. போய் இன்னொன்று தேய்த்துக்கொள்கிறேன். அவர் கை படாது, அவ்வளவுதான்" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "இதற்காக யாரையும் எதுவும் செய்துவிடவில்லையே?" என்று கேட்டார்.

"இல்லை மேடம்" என்றேன், உடைந்த பல் தெரியாமல் வாயைக் கையால் மூடிக்கொண்டு.