மந்திரித்த பாய்மரமும் வேப்பங்கொப்பும்

எனக்குக் கோபம் வந்தால் செபமும் கோபமாகத்தான் வரும். அதனால் இந்தச் சாட்சியைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மாரிக் கடலில் எங்கள் பழைய வள்ளம் உடைந்துபோனது. வீட்டில் நான்கு பிள்ளைகள். என் கணவர் மற்றவர்களின் வள்ளங்களில் கூலிக்குப் போய்வந்தார். வெறுங்கையோடு திரும்பும் நாட்களில் என் முகத்தைப் பார்க்கமாட்டார். நான் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுவேன். கடைசியில் சுருவிலில் ஒரு சின்னப் பாய்வள்ளம் கிடைத்தது. அதை எங்கள் மண்கும்பான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அந்தோனியார் திருநாள் முடிந்த கிழமை, சோளகக் காற்று மூசுகிற நேரம். கடலால் கொண்டுவர ஏலாது. வேலணையில் ஒரு உழவு மிசினும் அதன் பின்னால் கொழுவி இழுக்கிற பெட்டியும் வாடகைக்குப் பேசினோம்.

வள்ளத்தை ரோட்டால் இழுப்பதென்றால் பாயைச் சுருட்டி, சுக்கானைக் கழற்றி, பாய்மரத்தைச் சரித்து உள்ளே படுக்கவைத்துக் கட்ட வேண்டும். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இவர் என்ன செய்தார்? இரண்டு நாளைக்கு முன்பே போய் எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டி, மரத்தை நிமிர்த்தி, பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு, தீர்த்தம் தெளித்து வள்ளத்தை மந்திரித்துவிட்டார். மிசின் வந்து நின்றபோது பாயையும் சுக்கானையும் கழற்றினார். மரத்தில் மட்டும் ஒருவரையும் கைவைக்க விடவில்லை.

“சுவாமி மந்திரிச்ச மரம். கடல்தண்ணி படமுன்னம் அதைச் சரிக்கப்படாது.”

“தீர்த்தம் சுக்கானிலையும் பட்டதுதானே? அதைக் கழட்டிப்போட்டியள்.”

“நீர் சும்மா இரும்.”

இந்தச் சட்டம் எந்தப் பூசைப் புத்தகத்தில் இருக்கிறதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மரம் நிமிர்ந்து நிற்க, பெட்டியில் ஏற்றிக் கயிற்றால் கட்டிய வள்ளத்தோடு மிசின் புறப்பட்டது. இவர் வள்ளத்தின் பின்பக்கத்தைப் பிடித்தபடி நடந்தார், நான் ஓரமாக வந்தேன். மணல் ஒழுங்கை முடிந்து ரோட்டில் ஏறுகிற இடத்தில் ஒரு வேப்பங்கொப்பு குறுக்கே தாழ்ந்து நின்றது. பாய்மரம் அதில் முட்டப்போகிறது. கொப்பையாவது வெட்டச் சொன்னேன்.

“வேண்டாம் அக்கா, அது வளைஞ்சு குடுக்கும்,” என்றார் மிசின்காரர்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. செபமாலையை எடுத்தேன். “அந்தோனியாரே, அந்த மரத்தைக் கழட்டப்பண்ணும். இல்லாட்டி இந்தக் கொப்பை வெட்டப்பண்ணும். ரெண்டும் ஏலாதெண்டால் இந்த மனுசனைச் சுகமாய் வீட்டை கொண்டுவந்து சேரும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்ளுறன்.”

பாய்மரம் கொப்பைத் தள்ளிக்கொண்டு போனது. கொப்பு வளைந்து, வழிவிட்டு, மரத்துக்குப் பின்னால் பழையபடி வந்து நின்றது. மிசின் மேட்டில் ஏறி ரோட்டைப் பிடிக்கிறபோது ஒரு வெட்டு வெட்டிக் குலுங்கியது. கயிறு அறுந்தது. வள்ளம் பின்னுக்குச் சறுக்கியது. இவர் மணலில் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தார்.

டக்கென்று ஒரு சத்தம். பின்னுக்கு வந்த பாய்மரம் அந்தக் கொப்பில் முட்டி நின்றுவிட்டது; இந்தப் பக்கம் கொப்பு வளையவில்லை. வள்ளம் பாதி பெட்டியிலும் பாதி வெளியிலுமாகத் தொங்கியது. அதன் அடிக்கும் என் கணவரின் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

நானும் மிசின்காரரும் இவரை இழுத்து எடுத்தோம். ஒரு கீறல்கூட இல்லை. இவர் மணலைத் தட்டிக்கொண்டு எழும்பி, மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மரத்தைக் கழட்டுவம்,” என்றார்.

அந்த இடத்திலேயே முழங்காலில் இருந்து அழுதேன்.

பொழுதுபடமுன் மண்கும்பான் கரையில் மரத்தைத் திரும்ப நிமிர்த்தினோம். அந்த வள்ளத்தால்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

நான் மூன்று கேட்டேன். முதல் இரண்டில் ஒன்று கிடைத்திருந்தாலும் மூன்றாவது கிடைத்திராது. மரமும் இல்லாமல், கொப்பும் இல்லாமல், வள்ளம் எங்கே போய் நின்றிருக்கும்? அன்றிலிருந்து கேட்டது கிடைக்காவிட்டால் ஆண்டவரோடு கொஞ்சம் சண்டை பிடிப்பேன், பிறகு பேசாமல் காத்திருப்பேன். நீங்களும் கோபமென்றால் கோபத்தோடே கேளுங்கள். எப்படித் தருவதென்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள்.

என் கணவர் இப்போது வருகிறவர்களிடமெல்லாம், “உதுக்குத்தான் நான் மரத்தைக் கழட்ட விடேல்லை,” என்கிறார். கேட்கக் கேட்க எரிச்சல் வருகிறது. எரிச்சல்பட எனக்கு அவர் இருக்கிறார். ஆண்டவருக்கு நன்றி.