நிழலை வளர்ப்பவர்

நாடகக் குழுவில் விளக்குப் போடுகிறவருக்கு மின்னல் என்று பெயர். ஆமை வேகத்தில் வேலை பார்க்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்! ஆனால் கடைசிக் காட்சியில் விழப்போகும் அடிக்கு முதல் காட்சியிலேயே பார்ப்பவர் வயிற்றில் புளியைக் கரைக்க அவரை விட்டால் ஆள் கிடையாது.

இப்போதைய நாடகத்தில் கணவன் மனைவியைக் கொல்கிறான். ஆனால் கடைசிக் காட்சிவரை கையைக்கூட ஓங்கமாட்டான். மேடையில் போட்ட வீட்டின் சுவர்கள் சாய்ந்து நிற்கும், கதவு ஆளைவிடச் சின்னது. மற்ற விளக்குகளை இறக்கி, தரையில் வைத்த ஒற்றை விளக்கை மின்னல் ஏற்றினால், அவன் நிழல் பின்சுவர் முழுக்கப் படரும்.

அன்று ஒத்திகைக்கு நடிகை வரவில்லை. வெளிச்சம் சரிபார்க்க மனைவியின் நாற்காலியில் யாராவது உட்கார்ந்தாக வேண்டும். மின்னல் தன் மகளை உட்காரவைத்தார். பத்து நாளாக அப்பா வீட்டில் இருந்தவள். ஐந்து மணிக்கு மாப்பிள்ளை அரங்கத்துக்கே வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை தங்கம், குரலே உயராது என்று மின்னலுக்கு ஏகப் பெருமை.

கணவனாக நடிப்பவர் செய்தித்தாளை நிதானமாக மடித்து மேஜைமேல் வைத்தார். மின்னல் இன்னும் விளக்கைத் தொடவே இல்லை. சுவரில் நிழலும் இல்லை. மகளின் இடதுகை தானாக எழுந்து காதைப் பொத்தியது.

"பிரமாதம்!" என்று இயக்குநர் துள்ளினார். "இத அப்படியே அந்தம்மாவுக்குச் சொல்லிக்குடுக்கணும்!"

மின்னல் மேடையேறி அவளருகே உட்கார்ந்தார்.

"எத்தன நாளா அடிக்கிறார்மா?"

"கல்யாணமான ரெண்டாம் மாசத்துலேர்ந்து."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"ஒவ்வொரு தடவ வர்றப்பவும் இன்னும் ரெண்டு நாள் இருக்கேன்னு சொன்னேனேப்பா. மாப்ள சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவார்னு சிரிச்சீங்க."

அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. மேடையில் சத்தமில்லாத வீட்டைக் கண்டால் நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், மகள் வீட்டில் சத்தமில்லை என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

ஐந்து மணிக்கு மாப்பிள்ளை அரங்க வாசலில் நின்று, "கிளம்பலாமா?" என்றான், மெதுவாக. மகள் பழக்கத்தில் எழுந்து பையை எடுத்தாள். மின்னல் அதை வாங்கிக்கொண்டார்.

"நீங்க கிளம்புங்க மாப்ள. அவ வரமாட்டா."

மாப்பிள்ளை சிரித்தான். "எத்தன நாளைக்கு மாமா?"

அவர் வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "இனிமே நான் இங்கதான்."