பத்தாம் நாள் சாயம்

பெற்ற தாயே குஞ்சைக் கொத்திக் கொல்வாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். என் கண் முன்னாலேயே அது நடந்தது. நடக்க வைத்தவளும் நான்தான்.

புயலில் எங்கள் கொல்லைத் தென்னைகள் சாய்ந்த பிறகு அங்கே மறைப்பு என்று ஒன்றும் இல்லை. புதிதாக வைத்த கன்றுகள் நிழல் தரும் அளவுக்கு வளரவில்லை. மேலே வட்டமிடும் பருந்துக்கு எங்கள் கொல்லை, இலை போட்டுப் பரிமாறி வைத்த மாதிரி. என் கறுப்புக் கோழி பதினொரு குஞ்சு பொரித்திருந்தாள். ஒரு வாரம் அடைத்து வைத்திருந்து, மற்றக் கோழிகளோடு மேய விட்ட இரண்டாம் நாளே இரண்டு போயின. மிச்சம் ஒன்பது. கறுப்பி எனக்குச் செல்லம். என் உள்ளங்கையில் வைத்தால்தான் குருணை தின்பாள். அவள் குஞ்சைப் பறிகொடுத்துவிட்டு அவள் முகத்தில் விழிக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

எதிர்வீட்டு அக்கா என் வயதைவிட அதிக வருஷம் கோழி வளர்த்தவர். குஞ்சுக்குச் சிவப்புச் சாயம் பூசினால் பருந்து அண்டாது என்றார். நிறம் மாறிப்போனால் அது இரை என்றே பருந்துக்குத் தோன்றாதாம். கேட்டதுதான் தாமதம், பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறித் துணிக்குப் போடும் சாயப்பொடி வாங்கி வந்துவிட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவசரத்துக்குப் பிறந்தவள் நான்.

கறுப்பியைப் பஞ்சாரக் கூடைக்குள் மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு குஞ்சாக வெதுவெதுப்பான சாயத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். கண்ணில் படாமல் தலைக்கு மட்டும் பஞ்சால் பூசினேன். வெயிலில் காய்ந்ததும் ஒன்பதும் செம்பருத்திப் பூவாட்டம் இருந்தன. என் கைகளும் மணிக்கட்டு வரை சிவப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பஞ்சாரத்தைத் தூக்கினேன். குஞ்சுகளின் சத்தம் கேட்டுக் கறுப்பி ஓடி வந்தாள். பக்கத்தில் வந்ததும் நின்றாள். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். முன்னால் நின்ற குஞ்சு வழக்கம்போல அவள் இறக்கைக்குள் நுழையப் போனது. ஓங்கி ஒரு கொத்து, மண்டையில். அது சுருண்டு விழுந்தது. அவள் விடவில்லை, மறுபடி கொத்தினாள். மற்றக் கோழிகளும் ஓடி வந்து சேர்ந்துகொண்டன. கிடைத்த குஞ்சுகளையெல்லாம் மடியில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். எட்டு இருந்தன. ஒன்று கொல்லையில் செத்துக் கிடந்தது.

அதைவிடக் கொடுமை பிறகுதான். கறுப்பி கொல்லை முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தன் குஞ்சுகளைத் தேடினாள். வீட்டுக்குள் நான் கூடையில் போட்டு வைத்திருந்த அவை பதிலுக்குக் கத்தின. அவள் ஓடி வருவாள், எட்டிப் பார்ப்பாள், சிவப்பைக் கண்டதும் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருவாள். மறுபடி தேடப் போவாள். சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். துணிச் சாயம், போகுமா? பருந்தை ஏமாற்றப் போய்ப் பெற்றவளை ஏமாற்றிவிட்டேன்.

அழுதுகொண்டே அக்காவிடம் போய் நின்றேன். அவர் என் கைகளைப் பார்த்தார்.

"பொரிச்ச அன்னைக்கே பூசணும்மா, தாய் கண்ணுல பதியறதுக்கு முந்தி. பத்து நாள் குஞ்சுக்கா பூசுவாங்க?"

எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று சொல்லாமல் விட்டாராம். எனக்கு அவர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நியாயமாகப் பார்த்தால் என்மேல் வந்திருக்க வேண்டும். பிறகு அவரே வழியும் சொன்னார்.

"இருட்டுல சேத்து விடுங்க. சத்தத்தை வச்சு எடுத்துக்கும்."

நெல் மூட்டை அடுக்கும் அறையின் ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, கறுப்பியையும் எட்டுக் குஞ்சுகளையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். கதவில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீச்சுக்கீச்சென்று கத்தல், இறக்கை அடிக்கும் சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. எட்டும் போயின என்றே முடிவு கட்டிவிட்டேன். விடியும்வரை திறக்கவே கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

காலையில் திறந்தேன். கறுப்பி வெளியே வந்தாள். பின்னாலேயே எட்டுச் சிவப்புக் குஞ்சுகள். இன்னொரு கோழி கொத்த வந்ததும் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு அதைக் கொல்லைக் கடைசிவரை விரட்டினாள். மேலே பருந்து வட்டமிட்டது, இறங்கவில்லை.

சந்தோஷத்தில் குருணையை அள்ளி அவளிடம் கையை நீட்டினேன். கழுத்தைச் சாய்த்து என் சிவந்த கையைப் பார்த்தாள். முதல் நாள் குஞ்சுகளைப் பார்த்த அதே பார்வை. ஓங்கி ஒரு கொத்து.

"நான்தான்டி," என்றேன்.

அவள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு விலகிப் போனாள். என் கையில் சாயம் போய் எத்தனையோ நாளாகிறது. இன்னும் குருணையைத் தரையில்தான் இறைக்கிறேன்.