ஒன்பது கூடும் ஒன்பது அட்டையும்

காயில்காரர் வீட்டில் ஒரு பொருள்கூடக் காணாமல் போகவில்லை. அதுதான் கொடுமை. காணாமல் போயிருந்தால் கத்தலாம், தேடலாம், யார் தலையிலாவது பழியைப் போட்டுவிட்டுப் போய்ப் படுக்கலாம். இங்கே எல்லாம் கண் முன்னாலேயே இருந்தது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாக்களில், அளவு பார்த்து அடுக்கி, மேலே பெயர்ச்சீட்டும் ஒட்டியாகிவிட்டது. அவருக்கு உதவுகிற நிலையில்தான் அதில் ஒன்றுமே இல்லை.

முதலில் அந்த மனுஷன் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை அறுத்தெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக்கொடுப்பவர். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் எவனுக்கும் தெரியாது. காயில்காரர் என்று கேட்டால் தெருமுனைக் கடையையும் காட்டுவார்கள், அதற்குப் பக்கத்துக் குடியிருப்பில் தரைத்தள வீட்டையும் காட்டுவார்கள்.

இந்த வேலையில் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். பழைய கம்பியை எடுக்கும்போதே அது எத்தனை சுற்று, எந்த நம்பர் கம்பி என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். எடுத்த பிறகு மிஞ்சுவது வெறும் இரும்புக் கூடு. அதைக் கேட்டால் அது சொல்லாது. சுற்று குறைந்தால் ஒரே வாரத்தில் மறுபடியும் புகையும். கூடினால் மோட்டார் முனகிக்கொண்டே கிடக்கும், தண்ணீர் மாடி ஏறாது.

அவர் இதையெல்லாம் நோட்டில் எழுதுகிறவர் இல்லை. நோட்டு எண்ணெய்க் கையில் கிடந்து நாறும், வேண்டும் என்கிற நேரத்தில் ஒளிந்துகொள்ளும். சமையலறையில் கைக்கு எட்டுகிற அட்டைப்பெட்டி எதுவோ, அதில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிப்பார். சோப்பு அட்டை, மாத்திரை அட்டை, பல்பு வந்த அட்டை, எதுவானாலும் சரி. பென்சிலால் நாலு எண் எழுதுவார். ஓட்டை போட்டுச் சணல் கயிற்றில் கோத்து அந்தக் கூட்டிலேயே கட்டிவிடுவார். ஆள் பெயர் கிடையாது, தேதி கிடையாது. கயிறு இருக்கும்போது பெயர் எதற்கு? இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு மோட்டார்கூட மாறிப்போனதில்லை.

கடை ரொம்பச் சின்னது. அவர் உள்ளே உட்கார்ந்தால் வந்தவன் தெருவில்தான் நிற்க வேண்டும். அதனால் கம்பி அறுப்பது, எண்ணுவது, கூடுகளை வைத்திருப்பது எல்லாம் வீட்டுப் பின்னறையில். காலையில் அந்த அறையிலிருந்து முணுமுணுப்பாக எண்ணிக்கை கேட்கும். நடுவில் மனைவி ஏதாவது கேட்டுவிட்டால் போதும், "பேசாத, எண்ணிட்டிருக்கேன்!" என்று ஒரு சத்தம் வரும். மூன்றாவது மாடியில் பால் குடிக்கிற குழந்தை அதில் பயந்து அழுததாகக்கூடப் பேச்சு உண்டு.

ஆண்டுக் கடைசி விடுமுறை நெருங்கினால் ஊருக்கே மோட்டார் ஞாபகம் வரும். விருந்தாளி வருவான், குழாயைத் திறப்பான், அப்போதுதான் மோட்டார் சாகும். இந்தத் தடவையும் அப்படித்தான், மூன்றே நாளில் ஒன்பது மோட்டார் வந்தது. அதில் ஒன்று அவர்கள் குடியிருப்புக்கே தண்ணீர் ஏற்றுகிற மோட்டார். ஒன்பதையும் அறுத்து எண்ணிக் கட்டி வைத்துவிட்டார். கம்பி விற்கிற கடையில்தான் சரக்கு வரவில்லை.

விருந்தாளிகள் அவர் வீட்டுக்கும் வர இருந்தார்கள். மனைவியின் அண்ணனும் அண்ணியும் ஆறு வருஷத்துக்குப் பிறகு பத்து நாள் தங்க வருகிறார்கள். போன தடவை அண்ணி பின்னறைக் கட்டிலில் உட்கார்ந்து எழுந்தபோது உடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கிரீஸ். "உங்க வீட்ல மோட்டாருக்குத்தான் நல்ல ரூம் குடுத்திருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு ஆறு வருஷமாக மனைவியின் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. அவள் தன் தங்கையைக் கூப்பிட்டுவிட்டாள்.

தங்கைக்குக் குடும்பத்தில் மேனேஜர் என்று பெயர். வீட்டை ஒழுங்குபண்ணுவது எப்படி என்று போனில் படம் பார்த்துப் பார்த்து, ஏற்கெனவே மூன்று சொந்தக்காரர் வீட்டைக் கவிழ்த்து நிமிர்த்தியவள். கையுறை, பிளாஸ்டிக் டப்பா, பெயர்ச்சீட்டுச் சுருள் என்று ஆபரேஷனுக்கு வந்த டாக்டர் மாதிரி வந்து இறங்கினாள்.

"என் இரும்பு ஒண்ணு குறைஞ்சாலும் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று காயில்காரர் முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

"ஒரு ஆணியக்கூடத் தூக்கிப் போட மாட்டேன் அத்தான். அடுக்கித்தான் வைப்பேன். போதுமா?"

கம்பி வந்துவிட்டதாகக் கடைக்காரன் போன் செய்தான். அவளை நம்பிப் புறப்பட்டார். மதியம் இரண்டு மணிக்குக் கம்பி உருளையைத் தோளில் சுமந்துகொண்டு, நாளைக்கே குடியிருப்பு மோட்டாரை மாட்டிவிடலாம் என்கிற தெம்போடு வந்து பின்னறைக் கதவைத் திறந்தார்.

கட்டிலில் வெள்ளை விரிப்பு. சுவரோரம் புது அலமாரி. அதில் ஒன்பது கூடும் பெரியது முதல் சின்னது வரை வரிசையாக, துடைத்து, பளபளவென்று நின்றன. எதிலும் கயிறு இல்லை.

"என்ன அத்தான், அசந்துட்டீங்களா?" என்றாள் மேனேஜர்.

"அட்டை எங்க?"

"எந்த அட்டை?"

"ஒவ்வொண்ணுலயும் கட்டியிருந்துச்சே, அந்த அட்டை."

"அதுவா, இதோ." ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். மேலே 'அட்டை' என்று சீட்டு. பக்கத்தில் இன்னொரு டப்பா, 'கயிறு'. "கயிறக்கூட வீணாக்கல. முடிச்சக் கத்தரிச்சு, நீளம் பாத்து சுருட்டி வெச்சிருக்கேன். எண்ணிப் பாத்துக்கோங்க. ஒம்பது கூடு, ஒம்பது அட்டை."

காயில்காரர் உருளையை இறக்கி வைக்காமல் அப்படியே வெள்ளை விரிப்பில் உட்கார்ந்தார்.

"ஐயோ, விரிப்பு!" என்று மனைவி ஓடி வந்தாள்.

"விரிப்பு நாசமாப் போகட்டும்!" எழுந்தார், அலமாரியைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "ஏம்மா மேனேஜரம்மா, ஆஸ்பத்திரில பொறந்த குழந்தைங்க கைல நம்பர் கட்டியிருப்பாங்க. பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"நீ போயி அந்த நம்பரையெல்லாம் கத்தரிச்சு ஒரு டப்பாவுல போட்டுட்டு, குழந்தைங்கள உயர வரிசைல படுக்க வெச்சுட்டு வா. வந்து, ஒண்ணும் காணாமப் போகலியே, எண்ணிப் பாத்துக்கோங்கன்னு பெத்தவங்ககிட்ட சொல்லு. என்ன பண்ணுவாங்க உன்ன?"

அவளுக்கு அப்போதுதான் பாதி உறைத்தது. மீதி உறைப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "அதுல பேர் எழுதி வெச்சிருந்தா இந்த வம்பே வந்திருக்காதே அத்தான்."

அதில் ஞாயம் இருந்தது. ஞாயம் இருந்ததால்தான் அவருக்குக் கோபம் இரண்டு மடங்கு ஏறியது.

"சரி, பேர் எழுதாதது என் தப்பு. ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தன் ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டு வெச்சிருக்கான்னா, அவன் பைத்தியமா? வேலையத்துப் போயி ஒம்பது முடிச்சுப் போட்டானா? கத்தரிக்கோல் எடுக்கறதுக்கு முன்னாடி, இது எதுக்குன்னு ஒரு போன் போட்டுக் கேட்டா உன் வாய் தேஞ்சா போயிடும்? நான் உன் வீட்டுக்கு வந்து உன் பீரோவத் திறந்து, வலது கால் செருப்பெல்லாம் ஒரு டப்பா, இடது காலெல்லாம் ஒரு டப்பான்னு அடுக்கினா நீ விடுவியா?"

"செருப்ப யாராவது பீரோவுல வைப்பாங்களா?" என்றாள் அவள். மனைவி அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குடியிருப்பின் செக்ரட்டரி வாசலில் நின்றார். "காயில்காரரே, கம்பி வந்துடுச்சாமே? மேல் தொட்டியில முழங்கால் அளவுதான் தண்ணி. காலைல எல்லாரும் குளிச்சா அதோட சரி. நாளைக்கு மத்தியானம் மாட்டிடுவீங்கல்ல? இருபத்திநாலு வீடு உங்களத்தான் நம்பியிருக்கு."

இருபத்தெட்டு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு 'ஆகும்' என்று உடனே பதில் வராதது அன்றைக்குத்தான். "பாக்கலாம்" என்றார். செக்ரட்டரி முகம் சுருங்கிப் போய்விட்டார்.

மனைவி நாள் கணக்குப் பார்த்தாள். நாளைச் சாயங்காலம் அண்ணி வருகிறாள். வெள்ளை விரிப்பு இருக்கும், குழாயில் காற்றுதான் வரும். கிரீஸுக்கே அப்படிச் சிரித்தவள் இதற்கு எப்படிச் சிரிப்பாள்?

"அனுபவத்துல தெரியாதாங்க உங்களுக்கு?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"தெரிஞ்சத எடுக்கறேன் இரு." தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கூட்டையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பெரிய கூட்டுக்குத் தடித்த கம்பி, குட்டிக் கூட்டுக்கு மெல்லிசுக் கம்பி என்று ஆறு ஜோடி சேர்ந்தது. மூன்று கூடு நின்றுவிட்டது. மூன்றும் ஒரே உயரம், ஒரே வாய். ஆனால் மூன்று கம்பெனி, மூன்று கணக்கு. அதில் எது குடியிருப்பின் கூடு என்று அவருக்குத் தெரியும், அடியில் பச்சைப் பெயின்ட் இருக்கிறது. அதற்கு உரிய அட்டை எது? கையில் மூன்று அட்டை: ஒரு சோப்பு அட்டை, ஒரு மாத்திரை அட்டை, ஒரு டீத்தூள் அட்டை.

"எதுல எழுதினீங்கன்னு ஞாபகம் இல்லையா அத்தான்?"

"கை கிழிக்கும், வாய் எண்ணும். அட்டையில என்ன படம் போட்டிருக்குன்னா பாத்துட்டு இருப்பேன்?" என்று சீறினார். "மாத்திச் சுத்தினா ஒரே வாரத்துல புகையும். இருபத்திநாலு வீடும் வந்து என் மூஞ்சில காறித் துப்பும்."

மனைவி குனிந்து அந்த மூன்று அட்டையையும் பார்த்தாள். பார்த்ததும் முகம் சிவந்தது.

"இந்த டீத்தூள் அட்டைய நீங்கதானே கிழிச்சீங்க? புதுசா வாங்கினது, பிரிக்கக்கூட இல்ல. உள்ள இருந்த கவரும் சேந்து கிழிஞ்சு அவ்வளவு தூளும் தரையில. நான் கத்தினேன். நீங்க 'பேசாத, எண்ணிட்டிருக்கேன்'னு என்னையே திருப்பிக் கத்தினீங்க."

"இப்ப அந்தப் பஞ்சாயத்தா முக்கியம்?"

"பேசாம கேளுங்க!" இப்படி அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. "நான் கூட்டிட்டு இருக்கேன், செக்ரட்டரி வந்தாரு. மோட்டார் பிரிச்சாச்சான்னு கேட்டுட்டு நேரா உள்ள வந்து தூள் மேலயே நின்னாரு. நீங்க அந்தப் பச்சப் பெயின்ட் கூட்டத் தூக்கிக் காமிச்சு, உங்களதுதான், இப்பத்தான் எண்ணி முடிச்சேன்னு சொன்னீங்க. அவர் போனப்புறம் மூணாவது மாடி வரைக்கும் படியில டீத்தூள் கால்தடம். அத நான்தானே துடைச்சேன்? நான் மறப்பேனா?"

காயில்காரர் டீத்தூள் அட்டையைக் கையில் எடுத்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வழக்கம் அவருக்கு இல்லை.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று உருளையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்தார்.

மறுநாள் மதியம் மோட்டாரை மாட்டி சுவிட்சைப் போட்டார்கள். முனகவில்லை. அரை மணி நேரம் மோட்டார் முதுகில் உள்ளங்கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். சூடு ஏறவில்லை. மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் செக்ரட்டரி கைதட்டினார். சாயங்காலம் அண்ணி வந்து முகம் கழுவி, வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து, எழுந்து, பின்பக்கம் உடையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை. மனைவிக்கு அந்த ஒரு நிமிஷம் போதும்.

காயில்காரருக்குப் போதவில்லை. கூடு இன்னும் இரண்டு நிற்கிறது, ஜோடி தெரியாமல். சோப்பு அட்டையையும் மாத்திரை அட்டையையும் எப்போது கிழித்தார் என்பது மனைவிக்கும் தெரியவில்லை. அதற்கெல்லாம் சண்டை நடக்கவில்லையாம். ஒன்றைச் சுற்றிப் பார்க்க வேண்டும், ஒத்துவராவிட்டால் அறுத்துவிட்டு இன்னொன்றைச் சுற்ற வேண்டும். ஒரு நாள் உழைப்பு மண்ணாய்ப் போகும்.

"யார் உழைப்பு?" என்று அடுத்த நாள் காலையில் மேனேஜரைக் கேட்டார். "வா கடைக்கு."

"அத்தான், எனக்கு லீவு..."

"ஊருக்கே லீவு. வா."

கடை வாசலோரம் அவளை முக்காலியில் உட்கார வைத்துச் சுற்றும் கைப்பிடியைக் கையில் கொடுத்தார். "அறுபத்திரண்டு. ஒண்ணு கூடக் கூடாது, ஒண்ணு குறையக் கூடாது. விட்டுட்டா மொதல்லேருந்து."

முதல் தடவை நாற்பதில் போன் அடித்தது, எடுத்தாள், எண்ணிக்கையை விட்டாள். அவர் கம்பியை வெட்டிக் கீழே போட்டுவிட்டு, "ஒண்ணு" என்றார். இரண்டாவது தடவை ஐம்பத்தைந்தா ஐம்பத்தாறா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. மறுபடி, "ஒண்ணு". கையுறை இல்லாத விரலில் கம்பி கோடு போட்டிருந்தது. போனை அணைத்து அவளாகவே மேசைக்கு அடியில் வைத்தாள்.

மூன்றாவது தடவை ஐம்பதைத் தாண்டிவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது. தெருவில் அவள் அண்ணன் வந்து நின்றான். குளித்து, தலை சீவி, விடுமுறைக் களையோடு இருந்தான்.

"என்ன மேனேஜர், இங்க என்ன பண்ற? சாப்பிட எல்லாரும் காத்திட்டு..."

"பேசாத! எண்ணிட்டிருக்கேன்!" என்று ஒரு கத்து கத்தினாள்.

அண்ணன் இரண்டடி பின்னால் போனான். காயில்காரர் தலையைத் தூக்கவில்லை. பென்சிலைக் காதில் செருகியபடி, அடுத்த கூட்டுக்குக் கயிறு வெட்டிக்கொண்டிருந்தார்.