தோள் அளவு எடுக்கும் பாடம்

கழுத்தில் அளவுநாடா தொங்காமல் ஸாலிஹா மடிக்கணினியின் முன் உட்காரமாட்டாள். அளப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் யோசனை வரும்போதெல்லாம் நாடாவின் நுனி அவள் விரலில் சுருளும், அவிழும். மேல்மாடி யன்னலுக்கு வெளியே திருகோணமலைத் துறைமுகம் வெயிலில் கிடக்கிறது. நங்கூரமிட்ட கப்பலொன்று, அசைகிறதா இல்லையா என்று சொல்லமுடியாதபடி மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால், நிற்பது கப்பல், மிதப்பது இந்த அறை என்று ஆகிவிடும்.

கணவர் ஹஸன் மௌத்தான நாளிலிருந்து அவள் இத்தாவில் இருக்கிறாள். கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய அந்தக் காலம் முடியும்வரை வாசல் தாண்டுவதில்லை. கடைத்தெருவில் அவள் நடத்திய தையல் வகுப்பு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளின் பரீட்சையோ இத்தா முடியுமுன்னரே வந்துவிடும். ஆகவே வகுப்பை ஓர் இணையத்தளமாக்கி அவர்களிடம் அனுப்பத் தீர்மானித்தாள்.

டோஹாவில் இருக்கும் தங்கை ரிப்கா தொலைபேசியில் வழிகாட்டினாள். எளிய தளம். கடவுச்சொல் இல்லை, பதிவு இல்லை, பாடத்துக்கு ஒரு பக்கம். தலைப்பு எங்கே, படம் எங்கே, எழுத்து எங்கே என்று வார்ப்புருவில் ஒருமுறை வகுத்துவிட்டால் எல்லாப் பாடங்களும் அதற்குள் அடங்கும்.

“விளங்கிட்டு,” என்றாள் ஸாலிஹா. “பேப்பர்ல ஒருக்கா வெட்டி வெச்சா எத்தனை துணிக்கும் போடலாம். இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் கதைச்ச?”

முதல் பக்கத்தைத் திறந்து பார்த்த ரிப்கா சிரித்துவிட்டாள். இரண்டு ஓரங்களிலும் அகன்ற வெற்றிடம். போனில் எழுத்தெல்லாம் நடுவில் ரிப்பன்போல ஒடுங்கி இறங்கியது.

“என்ன ராத்தா இது?”

“தையலுக்கு விட்ட இடம். பிறகு பெருத்தா பிரிச்சு விடலாம்தானே.”

“வெப்சைட் சோறு தின்னாது ராத்தா, பெருக்கிறதுக்கு!”

“நீ பேசாம இரு. ஒட்ட வெட்டிப்போட்டுப் பிறகு அழுகிறது ஆரு?”

ஓரத்தைக் குறைத்தாள். ஆனாலும் விரற்கடை அளவு மிச்சம் வைத்தாள்.

எங்கோ ஒரு மூடும் குறி விடுபட்டுப் பக்கம் குலைந்தால், “முடிச்சுப் போடாம விட்டிட்டன்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வரிவரியாகத் தேடுவாள். ஒவ்வொரு பாடமும் ஏறியவுடன், துணியின் சுருக்கம் எடுப்பதுபோல மேசையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிடுவாள். பாவாடை ஏறியது, பள்ளிச் சீருடை ஏறியது. ஆண்களின் சட்டையான சேட்டில் வந்து கை நின்றுவிட்டது.

அந்தப் பாடத்துக்கென்று எடுத்துவைத்த படங்களில் அளவுக்கு நிற்பவர் ஹஸன்.

நாட்கள் போயின. சல்லிக் கிராமத்திலிருந்து மாணவி லோஜினியின் குரல்பதிவு வந்தது: “டீச்சர், இஞ்ச சிக்னல் சரியான மோசம். படம் வருகுதே இல்லை, எழுத்து மட்டும்தான் வருது. அதெண்டாலும் பரவாயில்லை, சேட் பாடத்தைப் போடுங்கோ. அது கட்டாயம் வருமாம். இல்லாட்டி நாங்கள் எல்லாரும் கோட்டை விட்டிடுவம்.”

“பொம்மையில போட்டு எடுங்களன், ராத்தா,” என்றாள் ரிப்கா, தயங்கித் தயங்கி.

“பொம்மைக்கு ரெண்டு தோளும் ஒரே மாதிரி, புள்ள. மனிசருக்கு அப்படியில்ல. பொம்மையில படிச்சிட்டுப் போய் மனிசருக்குத் தைக்க ஏலாது.”

ஹஸனுக்கு வலது தோள் தாழ்ந்தது. இறங்குதுறையில் வருடக்கணக்காக மூட்டை தூக்கிய தோள். அளவெடுக்க நிற்கச் சொன்னால் நேராக நிற்கமாட்டார்; கூச்சத்தில் நெளிவார். “கெதியா எடு, ஸாலி. ஆரும் பாத்தா மாப்பிள்ளைக்குக் கோட்டுத் தைக்கிறாய் எண்டு நினைப்பாங்க,” என்பார்.

அசர் தொழுகை முடித்து வந்து, கடைசியில் அவர் முதுகு காட்டி நிற்கும் படத்தை எடுத்துப் பாடத்தில் வைத்தாள். படத்துக்குக் கீழே ஒரு கட்டம் திறந்தது. படம் போய்ச் சேராத இடங்களில் அதற்குப் பதிலாக எந்த எழுத்து தெரியவேண்டும் என்று வார்ப்புரு கேட்டது. மற்றப் பாடங்களுக்கு அதை யோசிக்காமலே நிரப்பியிருந்தாள்.

‘ஆண் ஒருவரின் முதுகு’ என்று எழுதினாள். அழித்தாள். நாடா விரலில் சுருண்டது, அவிழ்ந்தது. வெளியே கப்பலின் முகம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

பிறகு நிறுத்தாமல் எழுதினாள்: ‘என் கணவர் ஹஸன், பின்புறம். வலது தோள் தாழ்ந்திருக்கிறது. இரண்டு தோள்களையும் தனித்தனியே அளக்கவும்.’

பாடம் ஏறியது. பக்கம் மேலிருந்து மெல்ல மெல்லத் திறந்து, எழுத்துக்குப் பிறகு படம் வந்தது. அவருடைய காலர் ஒரு பக்கம் மடங்காமல் நின்றது. படம் எடுத்த அன்று அதை அவள் கவனித்திருக்கவில்லை.

ஸாலிஹா சுட்டுவிரலைத் திரையில் வைத்து, அந்தக் காலரை மெல்ல மடித்துவிட்டாள்.