அத்தையின் பாட்டில் ஓர் இடம்

இப்போதும் எந்தக் கச்சேரிக்குப் போனாலும், பாடுகிறவர் குரல் மேலே ஏறும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் அதை ரசனை என்று நினைக்கிறார்கள். பயம்தான். பத்து வயதில் நான் செய்த காரியம் ஒன்று அப்படி என்னை விடாமல் பிடித்திருக்கிறது.

திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிதில் அப்பாவுக்கு அங்கே மாற்றலாகி, வேங்கிக்காலில் குடியிருந்தோம். அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தாள். அத்தை யாரிடமும் பாட்டுக் கற்றதில்லை. ரேடியோவில் கேட்டதுதான். கொல்லையில் துணி துவைக்கும்போது, கல்லில் துணி விழுகிற சத்தமே தாளமாக, முருகன் பாட்டு ஒன்றைப் பாடுவாள். மூன்றாவது வரியில் பாட்டு சட்டென்று உயரும். அவள் குரல் சிரமமே இல்லாமல் போய் நின்றுவிட்டு இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையைப் பெண் பார்க்க வருவார்கள். எல்லோரும், "கோயிலுக்கு வந்தோம், அப்படியே..." என்றுதான் ஆரம்பிப்பார்கள். பெண் பிடிக்காவிட்டாலும் சாமி பார்த்த புண்ணியம் இருக்கிறதே. பஜ்ஜி தீர்ந்ததும் யாராவது, "பொண்ணு பாடுமா?" என்பார்கள். அத்தை அதே பாட்டைப் பாடுவாள். ஆனால் அந்த மூன்றாவது வரியில் குரல் மெலிந்து, நடுங்கி, பாதியில் நின்றுவிடும். எச்சிலை விழுங்கிவிட்டு மீதியைப் பாடுவாள். "ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்" என்று அவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஐந்து குடும்பம் வந்தது. ஒரு லெட்டரும் வரவில்லை.

கதவுக்குப் பின்னால் நின்று ஐந்து முறையும் கேட்டவள் நான். கொல்லையில் வராத நடுக்கம் கூடத்தில் மட்டும் வருகிறதே! விருந்தாளிகளுக்கென்று பரணிலிருந்து இறக்கும் எவர்சில்வர் டம்ளர் மாதிரி, அது அத்தை விசேஷமாக வைத்திருக்கும் சங்கதி என்று முடிவு கட்டினேன். பாட்டிலேயே அழகான இடம் அதுதான் என்று தோன்றியது. குளியலறையில் பல நாள் பழகி, எச்சில் விழுங்குவது உட்பட அப்படியே கொண்டுவந்துவிட்டேன்.

பள்ளி ஆண்டு விழாவில் அந்த வருஷம் ஒரு புது நாடகம். எழுதி வைத்த வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. மேடையிலேயே சீட்டு எடுத்து, அதில் வந்ததை நடிக்க வேண்டும். எங்களுக்கு வந்தது, 'பெண் பார்க்கும் வீடு'. "நான்தான் பொண்ணு" என்று முந்திக்கொண்டேன்.

பாவாடையைக் கால் விரல்வரை இழுத்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்கு அம்மாவாக நடித்தவள், "பொண்ணு பாடுமா?" என்றாள். பாடினேன். அந்த இடம் வந்ததும் நடுங்கி, நின்று, விழுங்கினேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இன்னொரு வாட்டி!" என்று கத்தினார்கள். மூன்று தடவை பாடினேன். மூன்றாவது வரிசையில் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா மட்டும் சிரிக்காமல் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ரசனை கம்மி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குப் பரிசாகக் கிடைத்த சோப்பு டப்பாவை அத்தைதான் எடுத்து வந்தாள். கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டாள்.

"அந்த எடத்துல நான் அப்படித்தான் பாடறனாடி?"

"ஆமா அத்தே, அப்படியேதான்!"

அடுத்து வந்தவர்கள் பாடச் சொன்னபோது அத்தை நிமிர்ந்து, "எனக்குப் பாட வராதுங்க" என்றாள். அம்மா திகைத்துப்போனாள். அவர்களோ பாட்டைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த வாரமே சம்மதம் சொல்லிவிட்டார்கள். கீழ்பென்னாத்தூரில் கடை வைத்திருக்கும் குடும்பம். "நீ நடிச்ச ராசி" என்று அப்பா என் கன்னத்தைக் கிள்ளினார்.

ஆனால் அதற்குப் பிறகு கொல்லையில் துணி விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. பாடச் சொன்னால், "துணி ஜாஸ்தியா கெடக்குதுடி" என்பாள். நிச்சயமானதும் அத்தைக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே கோபம். அவளுக்கு ரோஷம் வரட்டும் என்று, கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை, அவள் துவைக்கும்போதெல்லாம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த இடத்தில் நடுங்கி, நிறுத்தி, எச்சில் விழுங்கி, நானே பாடிக் காட்டினேன்.