முழுக்குடம்

அந்த விளையாட்டில் மந்திரவாதியாக வேண்டுமென்றால் நெருப்பு, நீர், காற்று, மண் என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கெடாரிலிருந்து இளவழகனோடு காலேஜுக்குப் போன பையன்கள் எல்லோரும் நெருப்பை எடுத்தார்கள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒருவன் மீசையை ஒருவன் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். இளவழகன் மட்டும் நீரை எடுத்தான்.

ஆன்லைனில் ஆடும் அந்த விளையாட்டு முழுக்கவே கேலிதான். ஆட்களுக்குக் குச்சிக் கை, குச்சிக் கால். அரக்கன் அடி வாங்கினால் சாகமாட்டான், ஜலதோஷம் பிடித்துத் தும்முவான். நீர் வித்தைக்காரன் முதலில் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்த அளவுக்குத்தான் கையிலிருந்து அலை கிளம்பும். குடித்த பிறகு ஒதுங்குவதற்குப் புதர் தேடி ஓட வேண்டும். புதர் அகப்படாவிட்டால் ஒரு ஆட்டம் வீண்.

தங்கை கிருஷ்ணவேணிக்குக் கல்லூரியில் அரசாங்க லேப்டாப் கிடைத்தபோது அவளும் சேர்ந்துகொண்டாள். அவள் நெருப்பு. அண்ணன் வித்தைகளிலேயே பெரியதற்கு அவள்தான் 'முழுக்குடம்' என்று பேர் வைத்தாள். ஒரு குடத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவன் அலையை விட்டால் எதிரே நிற்பது எதுவும் மிஞ்சாது. ஆனால் வித்தைக்காரனும் வயிறு உப்பி மல்லாந்து மிதந்துபோவான். அவள் ஆள் மட்டும் அரக்கன் காத்த கதவைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகும். ஒவ்வொரு கதவையும் அவள் அப்படித்தான் தாண்டினாள்.

"ஒருவாட்டியாவது நீ போயேண்ணா."

"போடி. மெதக்குறதுல இருக்குற சொகம் ஒனக்கு இன்னா தெரியும்."

படிப்பு முடித்து ஒரு கம்பெனியில் சேர்ந்த மறு வருஷம் அவன் முகம் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். வாரத்துக்கு மூன்று நாள் விழுப்புரத்து ஆஸ்பத்திரியில், ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் மெஷினில் படுக்க வேண்டும். குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாததால் ஒரு நாளைக்கு ஒரு சின்னச் சொம்புதான். மாத்திரை விழுங்குவதும் அதில்தான். அதை அளந்து கொடுக்கும் வேலை கிருஷ்ணவேணிக்கு வந்தது. அம்மாவிடம் கொடுத்தால் மனசு கேட்காமல் கூட ஊற்றிவிடுவாள். பங்குனி வெயிலில் அவன் வாயைக் கொப்பளித்துத் துப்புவான். துப்பிவிட்டுக் கீழே கிடக்கும் ஈரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

மெஷினில் படுத்திருக்கும்போது லேப்டாப்பைத் தொடைமேல் வைத்து ஒரு கையால் ஆடுவான். பக்கத்துப் படுக்கையில் அந்தோணிசாமி. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எட்டி எட்டிப் பார்த்து, துணைக்கு வந்த கிருஷ்ணவேணியிடம் சொல்வார்.

"எம்மா, ஒங்கண்ணன் ஆளு பாரு. குடிக்கிறான், ஒண்ணுக்குப் போறான், குடிக்கிறான், ஒண்ணுக்குப் போறான். குடுத்து வெச்சவன்! நமக்கு அந்தக் கொல்லப் பக்கமே மறந்து போச்சு."

கிருஷ்ணவேணிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது. இளவழகன்தான் ஊசி குத்திய கை ஆடாமல் சிரிப்பான்.

அவளுக்கு வரன் பார்த்தார்கள். அப்பா இல்லாத வீடு. முதலில் வந்தவர்கள், அண்ணன் உடம்பைக் கேள்விப்பட்டதும் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். இரண்டாவதாக வந்தது திண்டிவனத்து வரன். பெயர் அரிபிரசாத். அவளுக்கும் பிடித்திருந்தது.

"சொல்லிடலாம்ணா," என்றாள்.

"சொன்னா, ரத்தத்துலயே இருக்குதும்பாங்க. இன்னிக்கு அண்ணனுக்கு, நாளைக்கு ஒனக்குன்னுவாங்க. வாய மூடிக்கினு இரு." மெஷின் ஊசி குத்திக் குத்திக் கையில் புடைத்திருந்த நரம்பை மறைக்க அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான்.

கல்யாணம் நிச்சயமானதும் பத்திரிகை வைக்க அண்ணன்தான் போக வேண்டும். தாய்மாமன் பச்சைமுத்துவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

"விரதம்னு சொல்லிடுண்ணா," என்று வாசல்வரை வந்து சொன்னாள்.

"எல்லா ஊட்டுலயுமா விரதம்? சரி சரி, நீ போ."

திருவாமாத்தூரில் இரண்டு வீடு, திண்டிவனத்தில் சில வீடுகள் என்று எல்லா இடத்திலும் உதட்டை நனைத்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டான். கடைசியாகப் பிரம்மதேசம், மாப்பிள்ளையின் அத்தை கிளியம்மாள் வீடு. அங்கே நடந்ததைப் பச்சைமுத்து பிறகு சொன்னார்.

கிளியம்மாள் பெரிய சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து எதிரே நின்றாள். "புள்ளைக்கு ஏதோ சீக்குன்னு காதுல உழுந்துது. வெயில்ல வந்துக்கீற. குடி, பாக்கலாம்."

"அவன் விரதம்ங்க," என்றார் பச்சைமுத்து.

"கல்யாணப் பத்திரிகை எடுத்தாந்துட்டு வாய நனைக்காம போறதா? இதென்னா, எழவு சேதியா?"

அதற்குமேல் யாரும் பேச முடியாது. இளவழகன் சொம்பை வாங்கி அண்ணாந்தான். சொட்டு மீதமில்லாமல் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் இருக்குதுங்களா அத்த?" என்றானாம். கிளியம்மாள் சிரித்துக்கொண்டே இன்னொரு சொம்பு கொண்டுவந்தாள். அதையும் குடித்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் படுக்கவில்லை. கட்டிலில் காலைத் தொங்கவிட்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். மூச்சு உள்ளே போகும்போது ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு சத்தம். கிருஷ்ணவேணி முதுகில் கை வைத்தாள்.

"எங்கண்ணா குடிச்ச?"

இரண்டு மூச்சுக்கு நடுவே ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"முழுக்குடம்."

ஆஸ்பத்திரியில் மெஷின் காலியாக இல்லை. முறை அந்தோணிசாமியுடையது. அவர் இவன் உதட்டு நீலத்தைப் பார்த்ததும் படுக்கையைவிட்டு எழுந்துவிட்டார். "அவனப் போடுங்கம்மா. நான் போயி ஜில்லுனு ஒரு ஜூஸ் அடிச்சிட்டு வர்றேன்." போய் வராந்தாவில் வெறும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அன்று அவர் உட்கார்ந்திருந்த அந்த நேரமும் சேர்ந்துதான் இளவழகன் பிழைத்தான். அந்தோணிசாமி அதைப் பற்றி அப்புறம் ஒரு பேச்சும் பேசியதில்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. இளவழகன் முழுக்கைச் சட்டையோடு தங்கைக்குப் பொரி அள்ளிக் கொடுத்தான். கிளியம்மாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் அவனைக் காட்டிக் காட்டிப் பேசினாள்.

ஆனால் மோர் குடித்த அந்த நாளுக்குப் பிறகு அவன் இதயம் சரியாகவே இல்லை. கிருஷ்ணவேணி திண்டிவனத்திலிருந்தும் அவன் மெஷினில் படுத்தபடியும் மத்தியானங்களில் ஆடினார்கள். பொங்கலுக்குப் பிறகு ஆட்டத்தில் அவன் ஆள் வரவில்லை. மாசியில் அவன் போய்விட்டான்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் நெஞ்சுவலியில் போய்விட்டான் என்று சொல்லியிருந்தார்கள். உடம்பைக் குளிப்பாட்டி, அம்மா கேட்டபடி முழுக்கைச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். கிளியம்மாள் தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள்.

"இந்தக் கையால மோரு குடுத்தேனே! சொட்டு உடாம குடிச்சிட்டு இன்னும் இருக்குதான்னு கேட்டியேடா ராசா! அந்த ஒடம்பா இப்படிப் போச்சு!"

கிருஷ்ணவேணி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். புருஷன் பக்கத்தில் நின்றிருந்தான். இனி அவள் இருக்க வேண்டியது அவன் வீட்டில்தான்.

கடைசியாக வாயில் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். கிளியம்மாளே சொம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். கிருஷ்ணவேணி குனிந்து, சொம்பை மெல்லச் சாய்த்து, ஒரு மாத்திரைக்கு ஆகும் அளவு ஊற்றி, நிமிர்த்திவிட்டாள்.

"என்னாடி அளந்து அளந்து ஊத்துற?" என்றாள் கிளியம்மாள். "தாகத்தோட போயிடப் போறான். தாராளமா ஊத்து."

அவள் ஊற்றினாள். சொம்பு காலியாகும்வரை ஊற்றினாள். தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்து, சட்டைக் காலரை நனைத்து, பாயில் இறங்கியது.